பதினெட்டாம் மாதக் கேள்விகள்

— பூஜ்யம்னா ஒரு நாள்கூட இல்ல. ஒண்ணுன்னா சில நாள். ரெண்டுன்னா பாதி நாளுக்கு மேல. மூணுன்னா தினமும். போன்ல கேட்ட அதே கேள்விதான் சார். கடந்த ரெண்டு வாரத்துல தூக்கம் வராம புரண்டு புரண்டு படுத்தது எத்தனை?

— மூணு போட்டுக்கம்மா.

— போன தடவை ரெண்டுன்னு சொன்னீங்க.

— போன தடவை ஆனி மாசம். காத்து அடிச்சுச்சு, படுத்தா கொஞ்சம் கண்ணு அசந்துச்சு. இப்ப புரட்டாசி. பொன்மலைப்பட்டியே புழுங்குது.

— புழுக்கத்தால தூக்கம் வராதது வேற, மனசால வராதது வேற சார். எதுன்னு சொன்னீங்கன்னா…

— அதைப் பிரிச்சுப் பாக்கத்தான நீ படிக்கிற? எனக்கு எப்படித் தெரியும்?

— சரி, மூணு. பசி?

— ரெண்டு. சோறு ஆக்குறேன். ஆக்கி வச்சுட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு ஒரு நம்பர் இருக்கா?

— ரெண்டே போட்டுக்கறேன். மனசுல இருக்கறதைச் சொல்லிக்க யாராவது இருக்காங்களா?

— மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு பொண்ணு போன் பண்ணும். சுப்ரசான்னு பேரு.

— சுப்ரஜா சார். என்னைச் சேர்க்கக் கூடாது.

— அப்ப இல்லைன்னு போடு.

— போட்டாச்சு. இன்னும் நாலே கேள்விதான்.

— மெதுவா கேளு பாப்பா. என்ன அவசரம்? ஸ்ரீரங்கத்துலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்க. தண்ணியாச்சும் குடி.

— குடிச்சுட்டேன் சார். செத்துப்போனா தேவலைன்னு எப்பவாவது தோணிச்சா?

— போன தடவை என்ன சொன்னேன்?

— பூஜ்யம்.

— அதையே போடு.

— நெஜமா பூஜ்யம்தானா?

— ஏம்மா, நம்பர் மட்டும் சொல்லுங்க, நம்பர் மட்டும் சொல்லுங்கன்னுதான் எப்பவும் சொல்லுவ. இன்னைக்கு என்ன நெசமான்னு கேக்குற?

— சும்மா கேட்டேன் சார். பூஜ்யம் போட்டுட்டேன்.

— ஒண்ணு கேக்கவா? ரொம்ப நாளா கேக்கணும்னு. இதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி என்னம்மா செய்யறீங்க?

— சேர்ந்தப்பவே பிரவீன்ராஜ் சொல்லியிருப்பாரே. எனக்கு முன்னாடி இருந்தவர். ஆஸ்பத்திரி வார்டுல உங்களைப் பார்த்து ஃபாரம் பூர்த்தி பண்ணாரே, அவர்.

— நீ சொல்லேன் ஒருவாட்டி.

— ஹார்ட் அட்டாக் வந்து பொழைச்சவங்க இருநூத்தி நாப்பது பேர். கவலை, பயம், தனிமை இதெல்லாம் இருக்கறவங்களுக்கு மறுபடி அட்டாக் வருதா, பக்கத்துல உக்கார்ந்து பேசித் தேத்தினா அது குறையுமான்னு பாக்கறோம். பாதிப் பேருக்கு வாரம் ஒரு தடவை கவுன்சலர் பேசுவாங்க. மீதிப் பேருக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேள்வி மட்டும்.

— இங்க கேள்வி மட்டும்.

— நாங்க எடுக்கல சார், கம்ப்யூட்டர் எடுத்தது. சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி.

— நாலு தெரு தள்ளி ராமருன்னு ஒருத்தன். அதே வார்டு, அதே வாரம் அட்டாக்கு. அவனுக்கு ஆளு வந்து பேசுச்சாம். பேசிப் பேசி, இப்ப சாயங்காலமானா மார்க்கெட்டுக்குப் போயி கீரை வாங்கியாறான். ஒரு சுவரு தள்ளி இருக்குறவனுக்கும் சேத்துச் சமைக்கிறானாம். சீட்டு அவனுக்கு விழுந்துருக்கு.

— ஆமா சார்.

— கேள்வி மட்டும்னா நீ பதிலுக்கு ஒண்ணுமே பேசக் கூடாதாம்மா?

— கூடாது. நான் ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னாலும் அந்தப் பாதியும் இந்தப் பாதியும் கலந்துடும். அப்பறம் ஆராய்ச்சிக்கு அர்த்தமில்லாம போயிடும்.

— ஓ.

— இது பதினெட்டாம் மாசம். இதோட முடிஞ்சுது சார். கையெழுத்துக்காகத்தான் நேர்ல வந்தேன்.

— பி.பி. பாக்கணும், மாத்திரை அட்டையெல்லாம் எடுத்து வைங்கன்னு போன்ல சொன்னியே.

— பி.பி. மெஷின் கொண்டு வரல. மாத்திரை… சரியா சாப்பிடறீங்கன்னு போட்டுக்கறேன்.

— பாத்துட்டுப் போடும்மா. பொட்டி அந்த அலமாரியிலதான் இருக்கு.

— வேண்டாம் சார். உங்க மேல நம்பிக்கை இருக்கு. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு.

— என்ன எழுதியிருக்கு?

— மதுரைவீரன் ஆகிய நான் பதினெட்டு மாசம் இந்த ஆராய்ச்சியில விருப்பத்தோட கலந்துக்கிட்டேன், நான் சொன்ன பதிலெல்லாம் உண்மைன்னு.

— இந்தா, பேனாவை வாங்கிக்க.

— ஏன் சார்? கை நடுங்கறதா? பெருவிரல் ரேகை வச்சாக்கூடப் போதும்.

— கை நடுங்கல. இந்தக் கை முப்பத்தி நாலு வருசம் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர் வேலை பாத்த கை. வண்டி ஷெட்டை விட்டுப் போறதுக்கு மின்ன பிரேக்கு பிடிக்குதான்னு பாத்துட்டு சீட்டுல கையெழுத்துப் போடணும். நான் குனிஞ்சு பாக்காத வண்டிக்கு ஒரு நாளும் போட்டதில்ல. வாயால உன்கிட்ட என்னென்னமோ சொல்லிட்டேன். அது காத்தோட போச்சு. இது அப்படி இல்லம்மா.

— அப்போ கையெழுத்தே வேண்டாம் சார். மறுத்துட்டார்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் பண்ணிடறேன். நான் கிளம்பறேன்.

— உக்காரு.

— பஸ் போயிடும் சார்.

— அடுத்த பஸ்ஸு வரும். உக்காரும்மா.

— நீங்க எதையும் விளக்கிச் சொல்லணும்னு அவசியமில்ல சார். ஃபாரத்துல அதுக்கு இடமும் இல்ல.

— நான் மதுரைவீரன் இல்ல.

— சார்…

— மதுரைவீரன் எந் தம்பி. நான் பிச்சமுத்து. அவன் செத்து வர்ற ஞாயித்துக்கிழமையோட ஒரு வருசம்.

— …

— ஏம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற? திட்டு. கத்து. ஏமாத்திப்புட்டியேய்யான்னு கேளு.

— நீங்க சொல்லுங்க.

— என்ன சொல்ல? இந்த வீட்டைப் பாரு. நீ உக்காந்திருக்குற நாக்காலிக்குப் பின்னாடி ஒரு சுவரு இருக்குல்ல? அது எங்கப்பாரு கட்டுனது இல்ல. நான் கட்டுனது. ஒம்பது வருசத்துக்கு மின்னாடி. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஒரே கொல்லை, ஒரே கெணறு, பேச்சு மட்டும் கெடையாது.

— எதுக்காக?

— இது ஃபாரத்துல இருக்குற கேள்வியா?

— இல்ல. நான் கேக்கறேன்.

— பிரேமலதான்னு ஒரு பொண்ணு. எடமலைப்பட்டி புதூர்ல தையக்கடை வச்சிருந்துச்சு. புருசனைப் பறிகொடுத்தது. நம்ம சாதியும் இல்ல. இவன் எலக்ட்ரீசியன், அந்தக் கடைக்கு லைட்டு மாட்டப் போனவன் அங்கயே மனசை மாட்டிக்கிட்டான். நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் கல்யாணம் வேணாம்னு இருந்தவன், எங்கிட்ட வந்து நின்னு, ‘அண்ணே, அதைக் கட்டிக்கிறேண்ணே’ன்னான். அப்ப எம் பொண்டாட்டி மாரியாயி உயிரோட இருக்கு. கட்டிக்கட்டுமேன்னு அது சொல்லுச்சு. நான் கேக்கல. நாலு பேரைக் கூட்டிக்கிட்டு அந்தக் கடைக்குப் போனேன்.

— போய்?

— பேசுனேன். என்ன பேசுனேன்னு கேக்காதே. தெருவே வேடிக்கை பாத்துச்சு. அந்தப் பொண்ணு தச்சுக்கிட்டிருந்த துணியை மடிச்சு வச்சுட்டு, எழுந்திரிச்சு உள்ள போயிருச்சு. அடுத்த வாரம் கடை பூட்டிக் கெடந்துச்சு. எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. தம்பி ஒரு வார்த்தை என்னைத் திட்டல. திட்டியிருந்தா ஆறியிருக்கும். பேச்சை நிறுத்திப்புட்டான். நானும் வீம்புக்குச் செங்கல் இறக்குனேன்.

— உங்க மனைவி?

— மாரியாயி போயி அஞ்சு வருசம் ஆச்சு. பொணத்தைத் தூக்குறப்ப அவன் வந்து ஒரு பக்கம் தோளு குடுத்தான். சுடுகாட்டுலேருந்து அவன் ஒரு வழியா வந்தான், நான் ஒரு வழியா வந்தேன். மகன் ஓசூர்ல இருக்கான். பொங்கலுக்கு வருவான்.

— அட்டாக் வந்தப்போ ஆஸ்பத்திரில யார் பாத்துண்டா?

— யாரும் இல்ல. அவனே ஆட்டோ புடிச்சுப் போயிருக்கான். அஞ்சு நாள் சத்தமே இல்லையேன்னு நெனச்சேன். வெளியூர் வேலைன்னு நெனச்சுக்கிட்டேன். திரும்பி வந்தப்ப மெலிஞ்சிருந்தான். சன்னல் வழியா பாத்தேன். என்னடா ஆச்சுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு.

— கேக்கல.

— கேக்கல.

— எப்படிப் போனார்?

— ஞாயித்துக்கிழமை மத்தியானம். நான் சாப்புட்டுட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பக்கம் என்னமோ விழுந்துச்சு. நாக்காலின்னு நெனச்சேன். கோவத்துல எத்துறான்னு நெனச்சேன். நெசத்தைச் சொல்லணும்னா, எத்தட்டும்னு நெனச்சேன். அதுக்கப்பறம் கேட்டதெல்லாம் கொழாயித் தண்ணி விழுகுற சத்தம்தான். விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தாம விட்டுப்புட்டானேன்னு எரிச்சல். நாலு மணிக்கு அவன் கதவுக்கு அடியிலேருந்து தண்ணி எந் திண்ணை வரைக்கும் வந்துருச்சு. அப்பதான் எழுந்திரிச்சுப் போனேன்.

— டாக்டர் வந்தாரா?

— வந்து பாத்தாரு. மறுபடியும் அட்டாக்குதான், பன்னெண்டரை, ஒரு மணிக்கு உசுரு போயிருக்கும்னாரு. அப்ப நாக்காலி விழுந்தப்பவே போயிட்டானா, இல்ல கொஞ்ச நேரம் கெடந்தானான்னு கேட்டேன். அதெல்லாம் சொல்ல முடியாதுங்கன்னுட்டாரு.

— சார், போதும். தண்ணி குடிங்க.

— பாத்தியா, உனக்கு ஆறுதல் சொல்லத் தெரியுது.

— அவர் போன் உங்ககிட்ட எப்படி?

— சட்டைப் பையில இருந்துச்சு. அதை அணைக்காம சார்ஜு போட்டுப் போட்டு வச்சிருந்தேன். பிரேமலதா எப்பவாச்சும் கூப்புடும்னு ஒரு நெனப்பு. கூப்புட்டா சொல்லணும்ல? செத்துட்டான், நான்தான் காரணம்னு சொல்லணும்ல? மூணு மாசம் ஒரு போனும் இல்ல. மார்கழி பொறக்கப் போற நேரம், ஒரு நாள் காலையில அடிச்சுச்சு. எடுத்தேன். பொம்பளைக் குரலு. ‘மதுரைவீரன் சாரா? எப்படி இருக்கீங்க?’ன்னுச்சு.

— நான்.

— நீ. பிரேமலதான்னுதான் நெனச்சேன். செத்துட்டான்னு சொல்ல வாயெடுத்தவன், அந்தக் குரலைக் கேட்டதும் சொல்ல முடியல. ‘மதுரைவீரன்தான் பேசுறேன், நல்லா இருக்கேன்’னு வந்துருச்சு. அப்பறம் நீ ஆராய்ச்சி, கேள்வின்னு ஆரம்பிச்ச. வச்சுடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள, ‘தூக்கம் வருதா சார்?’னு கேட்டுட்ட.

— அது முதல் கேள்வி.

— உனக்கு முதல் கேள்வி. மாரியாயி போனதுக்கப்பறம் என்னை யாரும்மா அதைக் கேட்டா? மகன் போன் பண்ணுவான், சாப்டியான்னு கேப்பான், வச்சுடுவான். நீ தூக்கம் கேட்ட, பசி கேட்ட, அழுகை வருதான்னு கேட்ட. நாப்பது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் நான் யோசிச்சுத்தான் பதில் சொன்னேன். அவன் பேரு, ஆனா பதில் எம் பதில். பொய் இல்லம்மா. மூணுன்னு சொன்னதெல்லாம் மூணுதான்.

— சாகணும்னு தோணறதான்னு கேட்டதுக்கு மட்டும்?

— அது பூஜ்யம் இல்ல. அதை விடு. நாப்பது கேள்வி கேட்ட பாப்பா. உயிரோட இருக்கீங்களான்னு ஒரு கேள்வி அதுல இல்லையே.

— போன் எடுத்து பதில் சொன்னா இருக்கார்னு அர்த்தம் சார்.

— அதான. மூணு வாட்டி அவனை உயிரோட வச்சிருந்தோம், நீயும் நானும்.

— இப்போ நான் இதை எழுதணும். ரிப்போர்ட்ல.

— எழுதிக்க. ஆனா அதுக்கு மின்ன நான் ஒண்ணு கேக்கணும். நேர்ல வர்றேன்னு நீ சொன்னப்ப வராதேன்னு சொல்லியிருக்கலாம். இதைக் கேக்கத்தான் வரவிட்டேன்.

— என்ன?

— எனக்கு மின்னாடி ரெண்டு வாட்டி அவனே பேசியிருக்கான்ல உங்கிட்ட?

— ஜூன்ல ஒரு தடவை. செப்டம்பர்ல ஒரு தடவை.

— என்ன சொன்னான்?

— சார், அது சொல்லக் கூடாது. ஒருத்தர் சொன்னதை அடுத்தவங்களுக்கு…

— அடுத்தவன். ஆமா. சுவரு கட்டுனவன் அடுத்தவன்தான். ஆனா பாரும்மா, ஒம்பது வருசமா எந் தம்பி வாயிலேருந்து ஒரு வார்த்தை எங் காதுல விழுகல. அவன் கடைசியா பேசுனது யாருகிட்டன்னு பாத்தா உங்கிட்ட. அது உன் ஃபைலுல இருக்கு. எனக்கு வேற எங்க கெடைக்கும்?

— நம்பர்தான் சார் இருக்கும்.

— நம்பரே சொல்லு. நான் புரிஞ்சுக்குறேன். நானும் அதே கேள்விக்குப் பதில் சொன்னவன்தான.

— செப்டம்பர்ல சொன்னது. தூக்கம், மூணு.

— ம்.

— பசி, மூணு. களைப்பு, மூணு. அழுகை, பூஜ்யம்.

— அவன் அழ மாட்டான். சின்னதுலேருந்தே அப்படித்தான். அப்பறம்?

— மனசுல இருக்கறதைச் சொல்லிக்க யாராவது இருக்காங்களான்னு கேட்டதுக்கு நம்பர் பூஜ்யம். ஓரத்துல பென்சிலால எழுதி வச்சிருக்கேன்.

— என்னன்னு?

— ‘சுவத்துக்கு அந்தப் பக்கம் எங்கண்ணன் இருக்காருங்க. அவரு இருமுறது கேக்கும். இருமுனா, அவரும் தூங்கலன்னு தெரியும். அது ஒரு தொணைதான். ஆனா ஆளு இல்லைன்னே போட்டுக்கங்க.’

— அப்படியே சொன்னானா? தொணைன்னா சொன்னான்?

— அப்படியே எழுதினேன்.

— படி. நிறுத்தாதே. இன்னும் இருக்கும்ல?

— மாத்திரை சரியா எடுத்துக்கறீங்களான்னு கேட்டேன். நிறுத்திட்டேன்னார். எத்தனை நாளான்னு கேட்டேன். இருபது நாளாச்சுன்னார்.

— பொட்டியில அட்டை பிரிக்காம கெடந்துச்சு. நான் பாத்தேன். மறந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். மறக்கல, இல்ல?

— மறக்கல. ‘யாருக்காகங்க முழுங்கணும்?’னு கேட்டார்.

— நீ என்ன சொன்ன?

— அடுத்த கேள்விக்குப் போகலாமா சார்னு கேட்டேன்.

— அவன்?

— ‘போங்கம்மா, உங்களுக்கு நேரமாவும்’னார்.

— அடுத்த கேள்வி எது?

— செத்துப்போனா தேவலைன்னு…

— எத்தனை சொன்னான்?

— மூணு.

— அப்படி மூணுன்னு ஒருத்தன் சொன்னா, எழுதி வச்சுட்டுப் போயிடறதுதானா உங்க படிப்புல? யாருகிட்டயும் சொல்ல வேணாமா?

— சொல்லணும். அதுக்கு மட்டும் தனி விதி இருக்கு. பூஜ்யத்தைத் தவிர எது சொன்னாலும் அன்னிக்கே டாக்டருக்குச் சொல்லணும். அவர் ஆளை அனுப்புவார். கேள்வி மட்டும்ங்கறது அப்போ கிடையாது. யார் வேணா பேசலாம், நானே பேசலாம்.

— சொன்னியா?

— அன்னிக்கு வெள்ளிக்கிழமை. அவர்தான் அன்னிக்குக் கடைசி போன் கால். மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை, ஆத்துல பெருமாளுக்குத் தளிகை, அம்மா சீக்கிரம் வான்னா. திங்கக்கிழமை சொல்லிக்கலாம்னு ஃபைலை மேஜை டிராயர்ல வச்சேன். திங்கக்கிழமை எங்க புரொஃபசர் வேற வேலை குடுத்துட்டார். செவ்வாய், புதன்னு போயிடுத்து. மறந்தேன்னு சொல்ல முடியாது சார். நடுவுல ரெண்டு தடவை ஞாபகம் வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பாளேன்னு பயமா இருந்தது.

— வெள்ளிக்கிழமை.

— அவர் போனது அதுக்கு அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை. ஒன்பதாம் நாள்.

— ஒம்பது நாள் இருந்துச்சேம்மா. ஒம்பது நாள்ல ஒருத்தரு வந்து கதவைத் தட்டியிருந்தா… அட, நான் ஒருத்தன். உன்னைப் போயி கேக்குறேன். எனக்கு ஒம்பது வருசம் இருந்துச்சு. நாலு எட்டு வச்சா கதவு. அவன் இருமலை நான் கேட்டேனா? கேட்டேன். நானுந்தான் கேட்டேன். தொணைன்னு நெனக்கத் தெரியல எனக்கு. தூக்கத்தைக் கெடுக்குறானேன்னு நெனச்சேன்.

— சார், அழாதீங்க.

— அழுகை எத்தனைன்னு கேட்டா இன்னைக்கு மூணு போட்டுக்க. இந்தா பாரும்மா, ஒண்ணு மட்டும் சொல்லு. ஒன்றரை வருசம் இருநூத்தி நாப்பது பேருகிட்ட கேட்டிருக்க. மனசு உடம்பைக் கொல்லுமா? அந்த ராமருக்குப் பேசுன மாதிரி இவனுக்கும் பேசியிருந்தா இருந்திருப்பானா?

— கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுடுத்து. ரெண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல சார். பேசினவாளும் போயிருக்கா, பேசாதவாளும் போயிருக்கா.

— தம்பி செத்ததை அதுல சேத்தா?

— ஒருத்தர்தானே. முடிவு மாறாது.

— மாறாது.

— மாறாது சார். ஆராய்ச்சிக்கு ஒருத்தர் பெரிசில்ல.

— அப்ப அவன் இருந்ததுக்கும் கணக்கு இல்ல, போனதுக்கும் கணக்கு இல்ல.

— நான் வேற மாதிரி சொல்லியிருக்கணும்.

— இல்ல, உள்ளதைத்தான சொன்ன. மார்கழியில போன் வராதுல்ல இனிமே?

— வராது சார். இதோட முடிஞ்சுது. ஆனா நானே கூப்பிடறேன். ஆராய்ச்சிக்காக இல்ல. சும்மா. டாக்டர்கிட்டயும் சொல்றேன், இன்னிக்கே சொல்றேன். நீங்க பூஜ்யம் இல்லன்னு சொன்னேளே, அதைச் சொல்லணும்.

— எதுக்கும்மா? எனக்கு நெஞ்சு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க ஃபைலுலயே நான் கெடையாது. எந்தப் பாதின்னு என்னைச் சேப்ப?

— பாதியெல்லாம் வேண்டாம். வருவார். வந்து பேசுவார்.

— பேசுறப்ப நான் யாருன்னு சொல்றது? இத்தனை நாள் தம்பி பேர்ல சொல்லிச் சொல்லி, எம் பேர்ல தூக்கம் வரலன்னு சொல்லவே வாய் வரல. நம்பர் மூணு, மதுரைவீரன். அப்படித்தான் பழகிப்போச்சு. நீ போ பாப்பா. அஞ்சு மணிச் சங்கு ஊதிருச்சு பாரு. ஒர்க்‌ஷாப்பு விட்டா பஸ்ஸுல கால் வைக்க முடியாது.

— உங்களை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?

— ஒரு வருசமா இப்படித்தான் இருக்கேன். என் மேல கோவம் இல்லையே உனக்கு?

— எனக்கா? உங்க மேலயா?

— ஏமாத்துனேன்ல. உன் படிப்பைக் கெடுத்தேன்ல. நான் அன்னைக்கே செத்துட்டான்னு சொல்லியிருந்தா நீ அப்பவே எழுதியிருப்ப. தப்பை உணர்ந்து நாலு பேருகிட்ட சொல்லி அழுதிருப்ப, ஆறியிருக்கும். இப்ப ஒரு வருசம் கழிச்சு ஒரேடியா தலையில போட்டுட்டேன். நீ சின்னப் பொண்ணு. ஒரு நாள் சொல்ல மறந்த. அவன் போயிட்டான்னு உனக்கு இப்பத்தான தெரியுது, நீ என்ன பண்ணுவ?

— இல்ல சார். அப்படிச் சொல்லாதீங்கோ. என்னால தாங்க முடியல.

— என்னம்மா?

— டிசம்பர்ல நீங்க போனை எடுத்து ‘மதுரைவீரன்தான் பேசுறேன், நல்லா இருக்கேன்’னு சொன்னேளே, அந்த முதல் வார்த்தையிலயே அது அவர் குரல் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுடுத்து, தெரிஞ்சும், அப்பாடான்னு மூச்சு விட்டுண்டு, நல்லா இருக்கார்னு எழுதிண்டேன்.